பைக்கும் ஏறணும்... நாமளும் படுக்கணும்!

செமஸ்டர் லீவுல ஏலகிரிக்கு டூர் பிளான் போட்டு, குரூப்புக்குப் பேரெல்லாம் வெச்சு, கடைசியில அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையிலேயே டூரை முடிச்சுக்கிட்ட கூட்டமா நீங்க? கை கொடுங்க பாஸ், நாங்களும் அதே ரகம்தான்!

ஆனா இந்த முறை எங்க கேங் கொஞ்சம் ஓவராவே யோசிச்சிட்டோம். நாங்க நாலு பேர், மெக்கானிக்கல், மூணாவது வருஷம். மினி புராஜெக்டுக்கு எல்லாரும் சோலார் குக்கர், தேங்காய் உரிக்கிற மெஷின்னு கிளம்ப, எங்களுக்கு மட்டும் ஒரு விபரீத ஆசை. காருக்குப் பின்னால் இழுத்துட்டுப் போற மாதிரி ஒரு குட்டி டிரெய்லர். அதுல ரெண்டு பைக் ஏறணும். ராத்திரி ரெண்டு பேர் காலை நீட்டிப் படுக்கணும். நாமே செஞ்சா என்ன?

"போறதுக்குத்தானேடா பைக்கு? அதைத் தூக்கிச் சுமந்துட்டுப் போறதுக்கு ஒரு வண்டியா?" - இது என் அப்பா. நியாயமான கேள்விதான். பதில் பூந்தமல்லி தாண்டி, பெங்களூரு ஹைவேயில இருங்காட்டுக்கோட்டையில இருக்கு. 1990-ல் திறந்த ரேஸ் டிராக். அதுக்கு முன்னாடி சோழவரத்துல, பழைய விமான ஓடுதளத்துலதான் மெட்ராஸ் ரேஸ் எல்லாம் நடந்தது. ஆவடி, அம்பத்தூர் பெருசுங்களைக் கேட்டுப் பாருங்க, கண்ணு மின்ன கதை சொல்வாங்க. எங்க கேங்கில் ஒருத்தனுக்கு டிராக் பைத்தியம். ஹெட்லைட், கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாம் கழற்றின டிராக் பைக்கை ரோட்டுல ஓட்ட முடியாது. சுமந்துட்டுத்தான் போகணும். விடியற்காலையில அங்கே நிக்கணும்னா முந்தின ராத்திரியே போய்ப் பக்கத்துல எங்கேயாவது படுத்தாகணும். பைக்கும் படுக்கையும் ஒரே வண்டியில இருந்தா வசதிதானே?

நம்ம ஊருல கேரவன்னா பூந்தமல்லி பக்கம் ஷூட்டிங்ல ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிற வண்டின்னுதான் நமக்கு நினைப்பு. அமெரிக்காவுல இதுக்குன்னே தனி வகை இருக்கு. டாய் ஹாலர்னு பேரு. பின் கதவு அப்படியே கீழே சாஞ்சு சரிவுப் பலகை ஆகிடும். பைக்கை உருட்டி உள்ளே ஏத்தணும். போய்ச் சேர்ந்ததும் பைக்கை இறக்கிட்டா அதே இடம் பெட்ரூம். சில மாடல்ல சுவிட்சைத் தட்டினா கட்டில் கூரையில இருந்து இறங்கி வரும். பார்த்ததும் எங்களுக்கு எச்சில் ஊறிடுச்சு. அதை இழுக்கிற ராட்சஸ பிக்கப் வண்டியைத்தான் நாங்க கவனிக்கலை!

டிராயிங் ரெடி. ஒன்பது அடி தளம். முன்னால் ரெண்டு பைக். பின் சுவர் ஓரமா தண்ணி டாங்க், அடுப்பு, டூல்ஸ் பெட்டி. பின் கதவைத் திறந்தா கிச்சன்... போட்டோவுக்கு எவ்வளவு சூப்பரா இருக்கும்! ஆளுக்குக் கொஞ்சமாப் போட்டு 38 ஆயிரம் தேத்திக்கிட்டு எஸ்டேட் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். லாரி பாடி கட்டிக் கட்டி கை காய்ச்சுப்போன அண்ணன் ஒருத்தர். டிராயிங்கை ரெண்டு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆக்சில் எங்க வரும் தம்பி?"

"நடுவுலண்ணா."

"நடுவுலன்னா? எதுக்கு நடுவுல?"

நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். அவர் டிராயிங்கை மடிச்சு என் சட்டைப் பையில வெச்சார். "கணக்குப் போட்டுட்டு வாங்க. பின்னால் கனம் வெச்சா வாலாட்டும். பூந்தமல்லி ரோட்டுல கண்டெய்னர் லாரிக்கு நடுவுல வாலாட்டிச்சுன்னா, நான் வெல்டு வெச்ச கைக்குப் பதில் சொல்லணும்."

அரியர் வெச்ச பேப்பரே திரும்பக் கேள்வி கேட்ட மாதிரி இருந்தது!

சரி, நீங்களும் ஒரு பேனா எடுங்க. சட்டம், தளம், சக்கரம் எல்லாம் சேர்த்துச் சுமார் 246 கிலோ. யமஹா ஆர்15 ரெண்டு, ஒவ்வொண்ணும் 142 கிலோ, ஆக 284. தண்ணி 40 லிட்டர், மத்த தட்டுமுட்டு 30, ஆக 70. மொத்தம் 600 கிலோ. டிரெய்லர் நேரா ஓடணும்னா இந்த எடையில பத்துல இருந்து பதினைந்து சதவிகிதம் காரோட கொக்கி மேல உட்காரணும் என்பது வெளிநாட்டுல டிரெய்லர் இழுக்கிறவங்க கணக்கு. நமக்குக் குறைஞ்சது 60 கிலோ. தளத்தோட முன் விளிம்புல இருந்து 1.2 மீட்டர் தள்ளிக் கொக்கி. எல்லா எடையும் ஒழுங்கா தளத்தோட மையத்துல விழுந்தா, கொக்கியில இருந்து 2.55 மீட்டர்ல ஈர்ப்பு மையம். ஆக்சில் 2.83 மீட்டர்ல, அதாவது மையத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி பின்னால் இருந்தாத்தான் கொக்கிக்கு அந்த 60 கிலோ கிடைக்குது. 'நடு' இல்லை!

இப்போ எங்க கனவுக் கிச்சனைப் பின் சுவர் ஓரமா தள்ளுங்க. வெறும் 70 கிலோ, 1.2 மீட்டர் பின்னால் போகுது. கொக்கி மேல இருந்த 60 கிலோ, 30 ஆயிடுது. பாதி காலி! கட்டின பெல்ட் தளர்ந்து பைக் ரெண்டும் அரை அடி பின்னால் நகர்ந்துச்சுன்னா இன்னும் 15 கிலோ போச்சு. மிச்சம் 15. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கினா காரோட பின்பக்கத்தை டிரெய்லர் தூக்கிப் பார்க்கும்.

நம்பாத ஒருத்தன் எல்லா கேங்லயும் இருப்பான். அவனுக்காக ஜிம் டிரெட்மில்லுல ஒரு சோதனை. பொம்மை ஜீப், அதுக்குப் பின்னால் மரக்கட்டையில செஞ்ச ரெண்டு சக்கர டிரெய்லர். கல்லை முன்னால் வெச்சுட்டு விரலால தட்டினா, ரெண்டு ஆட்டம் ஆடிட்டு நேரா நின்னுடுச்சு. அதே கல்லைப் பின்னால் வெச்சுத் தட்டினோம். இடது, வலது, இன்னும் பெரிய இடது... நாலாவது ஆட்டத்துல ஜீப்பையும் இழுத்துட்டுக் குப்புறக் கவுந்தது. டிரெட்மில் வேகத்தைக் கூட்டக் கூட்ட, கவுறதும் சீக்கிரமா நடந்தது. எங்க நம்பாத நண்பன் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ஒருவேளை நீங்க எப்பவாவது டிரெய்லர் இழுத்து, அது வாலாட்ட ஆரம்பிச்சா... ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரி பண்ணப் பார்க்காதீங்க. காரோட பிரேக்கையும் சடார்னு அழுத்தாதீங்க. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுத்து, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க. வேகம் குறையக் குறைய ஆட்டம் தானா அடங்கும். பின் கனத்தைக் குறைக்காம மறுபடி கிளம்பாதீங்க.

திருத்தின டிராயிங்கோட மறுபடி பட்டறை. புதுப்பேட்டையில பழைய ஆம்னி வேன் பின் ஆக்சில் கிடைக்கும்னு பெருமையா சொன்னோம். அண்ணன் சிரிச்சார். "அது இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோற ஆக்சில். டிஃபரன்ஷியல் உருண்டையோட வரும். இழுபடற வண்டிக்கு அந்தக் கனம் எதுக்கு?" அடுத்த கேள்வி, "இழுக்கிறது எந்த வண்டி?" நண்பன் வீட்டு ஆல்ட்டோ. எடை எழுநூறு கிலோ சொச்சம். அவர் கேட்கவே வேணாம், நாங்களே தலையைக் குனிஞ்சிட்டோம். இழுக்கிறது ஒரு மேட்டரே இல்லை, 600 கிலோ பின்னால் இருந்து தள்ளும்போது நிறுத்தணுமே! பிரிட்டன்ல பிரேக் இல்லாத டிரெய்லர்னா 750 கிலோ, இல்லே இழுக்கிற காரோட எடையில பாதி, இதுல எது குறைவோ அதுதான் உச்சம். அந்தக் கணக்குப்படி ஆல்ட்டோவுக்கு 360 கிலோ பக்கம்தான். எங்க டிரெய்லர்ல ஒரு பைக்கை ஏத்தினாலே தாண்டிடும். ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவுல இறங்கி வர்றதை நினைச்சுப் பார்த்தோம்... வேணாம் சாமி!

மூணாவது அடி, சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 'மோட்டார் வாகனம்' என்பதற்கான விளக்கத்துலேயே டிரெய்லரும் சேர்த்தி. இன்ஜினே இல்லாட்டியும் அது மோட்டார் வாகனம்தான்! அப்போ பதிவு எண் வேணும். பதிவு பண்ணணும்னா அந்த மாடலைத் தயாரிச்சவர், ஒரகடத்துல இருக்கிற மாதிரியான சோதனை மையத்துல காட்டி அனுமதி வாங்கியிருக்கணும். பட்டறையில ஒட்டவெச்ச ஒத்தை டிரெய்லரை எடுத்துட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? இருக்கிற வண்டியை வெட்டி ஒட்டலாம்னா, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அழுத்தமா சொல்லிடுச்சு. விபத்துன்னு ஒண்ணு நடந்தா பதிவில்லாத டிரெய்லருக்கு இன்ஷூரன்ஸ் எங்கே இருந்து வரும்? எதிர்ல வந்தவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது? அதனால, நிஜமாவே டிரெய்லர் வாங்கப் போற வசதிக்காரங்க பெட் எத்தனைன்னு கேட்கிறதுக்கு முன்னாடி ரெண்டைக் கேளுங்க. டிரெய்லருக்குப் பதிவு ஆகுமா? உங்க கார் மேனுவல்ல எத்தனை கிலோ இழுக்கலாம்னு போட்டிருக்கா? நிறைய கார்ல அந்த நம்பரே இருக்காது. இல்லேன்னா கொக்கி மாட்டாதீங்க.

புராஜெக்ட் அம்பேல்னு உட்கார்ந்திருந்தப்போதான் நம்ம நாமக்கல் மாவட்டத்து அருண் பிரபு ஞாபகத்துக்கு வந்தார். கட்டடக்கலை படிச்ச இளைஞர். ஒரு ஆட்டோ மேல 36 சதுர அடியில வீடே கட்டினவர். படுக்கை, சமையல், குளியல், மொட்டை மாடி எல்லாம் அதுக்குள்ளே, செலவு சுமார் ஒரு லட்சம். 2021-ல் ஆனந்த் மஹிந்திராவே பாராட்டி ட்வீட் போட்டார். தண்ணித் தொட்டி மட்டும் 250 லிட்டர்னு செய்தியில வந்தது. நிரம்பினா 250 கிலோ ஆச்சேன்னு இப்போ எனக்குக் கை பரபரங்குது, கணக்குப் புத்தி! ஆனா எங்களைப் பிடிச்சு உலுக்கினது வேற. அந்த வீடு ஆட்டோவோட பிறந்தது இல்லை. போல்ட்டைக் கழற்றினா தனியா இறக்கி வெச்சுடலாம். வண்டி வேற, வீடு வேற!

அப்போ எங்க வண்டி எது? அம்பத்தூர்ல தடுக்கி விழுந்தா அது மேலதானே விழணும். குட்டி யானை! 2005-ல் வந்த டாடா ஏஸ். முக்கால் டன் சுமக்கும். தளம் ஏழடி நீளம், கிட்டத்தட்ட அஞ்சடி அகலம். ஏற்கெனவே பதிவு, இன்ஷூரன்ஸ், பிரேக் எல்லாம் உண்டு. டிரெய்லரே இல்லாததால வாலாட்டமும் இல்லை. ரெண்டு பைக்கையும் ஏத்திட்டுப் போறது. போனதும் இறக்கிட்டு, மடிச்சு வெச்ச பிளைவுட் பலகையைத் தளத்துல விரிச்சு, நாலு மூலையில குழாய் நட்டு, மேலே தார்ப்பாய். ஏழுக்கு அஞ்சு, ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம். வெல்டிங் கிடையாது, வண்டியில ஒரு ஓட்டை கிடையாது. செலவு ஆறாயிரத்துச் சொச்சம்.

பைக்கும் ஆளும் ஒரே சமயத்துல உள்ளே இல்லாததுல இன்னொரு நிம்மதி. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், தரையோட தவழும். மூடின பெட்டிக்குள்ளே பைக்கையும் நிறுத்தி, பக்கத்துல அடுப்பும் பத்தவெச்சுத் தூங்கறதுங்கிற எங்க முதல் டிராயிங்கை இப்போ பார்த்தா முதுகு சில்லிடுது.

ஏத்தறதுலயும் வித்தை இருக்கு. ஹேண்டில்பார் ரெண்டும் முட்டாம இருக்க ஒரு பைக் முன்னே பார்த்து, இன்னொண்ணு பின்னே பார்த்து. சரிவுப் பலகை எட்டடிக்குக் குறையாம இருக்கட்டும். ரெண்டு பக்கமும் ஆள் நின்னு தள்ளி ஏத்துங்க, 'நான் ஓட்டியே ஏத்திடுவேன்'னு சொல்ற ஹீரோவை டீ வாங்க அனுப்பிடுங்க. சைடு ஸ்டாண்டை நம்பவே கூடாது. முன் சக்கரத்தைச் சுவரோட ஒட்டி முட்டுக் கொடுத்து, ஃபோர்க் பாதி அமுங்கற அளவுக்கு ரெண்டு பக்கமும் ராட்செட் பெல்ட். பின்னாலயும் ரெண்டு. கியர்லயே விடுங்க. அஞ்சு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒரு தடவை இறுக்கிப் பாருங்க, கட்டாயம் தளர்ந்திருக்கும். முக்கியமா, வண்டி ஓடும்போது பின்னால் யாரும் உட்காரக் கூடாது. கேபின்ல டிரைவரோட ஒருத்தர், மத்தவங்க பஸ்.

போன மாசம் வண்டி பேசி முடிச்சு, எஸ்டேட் ஸ்டாண்டுலயே ஒத்திகை பார்த்தோம். பைக் ஏறுச்சு, இறங்குச்சு. பலகை விரிச்சு தார்ப்பாய் கட்ட 22 நிமிஷம். பட்டறை அண்ணன் கூட வந்து குழாயை ஆட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனார். அவர் ஒண்ணும் சொல்லலைன்னா பாஸ்னு அர்த்தமாம். நாங்க படுத்து, காலை நீட்டி, செல்ஃபியும் எடுத்தாச்சு.

வண்டிக்கார அண்ணன் பீடியைக் கீழே போட்டு மிதிச்சுட்டுக் கிட்ட வந்தார்.

"எல்லாம் சரி தம்பி... ராத்திரி நான் எங்க படுக்கறது?"

ரெண்டாவது டிராயிங், மூணு பேருக்கு. வேலை நடந்துட்டிருக்கு.