மூணு, அஞ்சு, ரிவர்ஸ்!

கோவையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கிற பட்டறை ஒன்றில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க விட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை! கழற்றிப் பரப்பிய பற்சக்கரங்களைப் பார்க்கத்தான் போனேன். பார்த்ததோ அதைவிட அருமையான வித்தை: கியர்பாக்ஸை இறக்காமலே அதன் வயிற்றில் எங்கே வலி என்று கண்டுபிடிப்பது.

காலை ஒன்பதரைக்கு ஆறு கியர் கார் ஒன்று வந்தது. ஓனர் முகம் வாடிக் கிடந்தது. வேறோர் இடத்தில் "பாக்ஸ் போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். தலைமை மெக்கானிக் அங்கே எல்லாருக்கும் 'அண்ணன்'. அவர் பானெட்டைத் தொடவே இல்லை.

"காலைல எடுத்தவுடனே உதறுதுங்களா, ஓடிச் சூடானப்புறமுங்களா?"

"சூடானப்புறந்தானுங்க."

"எந்த கியர்லங்க?"

அது ஓனருக்குத் தெரியவில்லை. "வாங்க, ஒரு ரவுண்டு போய்ப் பாத்தரலாம்."

பின்சீட்டில் நான், முன்னே அண்ணன் மடியில் ஸ்கேனர். எந்த கியர், என்ஜின் என்ன வேகம், கியர்பாக்ஸின் டர்பைன் என்ன வேகம் எல்லாம் திரையில் ஓடுகிறது. எண்ணெய் நன்றாகச் சூடேறும் வரை எந்தக் குறையும் இல்லை. அப்புறம் ஆரம்பித்தது! இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது என்ஜின் 'ஊங்' என்று எகிறி, பிறகுதான் பிடித்தது. நான்கு பூப்போல விழுந்தது. ஐந்தில் மறுபடி எகிறல். ஆறு சுத்தம். பட்டறை வாசலில் ரிவர்ஸ் போட்டால், வண்டி கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் நகர்ந்தது.

அண்ணன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "மூணு, அஞ்சு, ரிவர்ஸ்! பாத்தீங்களா?"

எனக்குப் புரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணைக்குக் கூட்டிப்போனார். இந்த கியர்பாக்ஸ் லெப்பெல்லெட்டியர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வகுத்த அமைப்பில் வேலை செய்கிறது. பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் இருக்கும். எது எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பதை வைத்தே கியர் மாறும். மூன்று கிளட்ச், இரண்டு பிரேக். இந்த ஐந்தை மாற்றி மாற்றிப் பிடித்தே ஆறு முன்கியரும் ஒரு ரிவர்ஸும் கிடைத்துவிடுகின்றன! சி1 என்ற கிளட்ச் பிடிப்பது ஒன்று முதல் நான்கு வரை. சி2 நான்கு, ஐந்து, ஆறு. சி3? மூன்று, ஐந்து, ரிவர்ஸ். அட்டவணையில் என் விரலை வைத்த நொடியில் உடம்பு சிலிர்த்தது. ஸ்கேனரும் அதையேதான் சொன்னது: பி0733, பி0735. மூன்றாம் கியர் விகிதம் சரியில்லை, ஐந்தாம் கியர் விகிதம் சரியில்லை.

அடுத்து ஸ்டால் டெஸ்ட். வீலுக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிப்பது. ஐந்து நொடிக்கு மேல் கூடாது, எண்ணெய் கொதித்துவிடும். டி-யில் என்ஜின் ஏறவேண்டிய அளவுக்கு ஏறி நின்றது. ஆர்-இல் அதையும் தாண்டிப் போனது. உள்ளே ஏதோ வழுக்குகிறது என்று அர்த்தம். (வீட்டில் யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம், வண்டி பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.)

சி3 கிளட்சே தேய்ந்துவிட்டதா, அதற்கு எண்ணெய் அழுத்தம் போய்ச் சேரவில்லையா? முதல் பதிலென்றால் கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும். இரண்டாவதென்றால் தப்பித்தோம்.

வண்டி லிஃப்டில் ஏறியது. வடிந்த எண்ணெயை அண்ணன் விரலில் தொட்டு மோந்தார், என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது, ஆனால் கருகிய வாடை இல்லை. ரோஸ் நிறத்தில் பால்போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வந்திருக்கும் என்றார். (இந்த எண்ணெய்க்குள் அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.) கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டின் காந்தத்தில் மை போன்ற சாம்பல் பசை மட்டுமே இருந்தது. அது எல்லா வண்டியிலும் இருப்பதுதான். இரும்புச் சில்லு ஒன்றுகூட இல்லை.

பிறகு, கிளட்ச்சுகளுக்கு எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியை இறக்கினார்கள். கியர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்க, சி3-க்குப் போகும் துளையில் கம்ப்ரஸர் காற்றை மெதுவாகக் கொடுத்தார் அண்ணன். பட்டறையே அமைதியானது. சீல் கிழிந்திருந்தால் 'உஸ்ஸ்' என்று காற்று போகும்.

'டப்!'

உள்ளே பிஸ்டன் நகர்ந்து கிளட்சை இறுக்கிய சத்தம். கிளட்ச் உயிரோடு இருக்கிறது! நான் கைதட்டியே விட்டேன்.

அப்படியானால் குற்றவாளி, சி3-க்கு அழுத்தத்தை அளந்து அனுப்பும் சொலினாய்டுதான். மீட்டர் வைத்தால் ஓம்ஸ் சரியாகவே இருந்தது. "மீட்டர் காயிலைத்தானுங்க பாக்கும். உள்ள வால்வு தேய்ஞ்சது அதுக்கெப்படித் தெரியும்?" தேய்ந்த இடைவெளியில், குளிர்ந்து கெட்டியாக இருக்கும் எண்ணெய் அதிகம் கசியாது; சூடேறி இளகினால் நழுவிவிடும். குளிர்ந்திருந்தபோது நல்ல வண்டியாக இருந்தது சூடானதும் உதறியதற்கு அதுதான் காரணம். ஓனரிடம் கேட்ட அந்த முதல் கேள்வி எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது!

புது சொலினாய்டு, புது எண்ணெய். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் தன் பழைய பழக்கத்தை மறக்க ஸ்கேனரில் ஒரு ரீசெட். சாயங்காலம் அதே சாலை. மூன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை, திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் வண்டி உதறினால் எந்த கியரில், சூட்டிலா குளிரிலா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன், ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீட்டையும் வடித்த எண்ணெயையும் உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.