தழும்பும் பொற்கோடும்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் அகல்விளக்கும் செய்வோர் நன்கறிவர்: களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும், எங்கும் ஒரே சீராகச் சுருங்காவிடில் விரிசல் விழும். விரிசல் கண்ட பொருள் விலைபோகாது. உடைந்த கலத்தை வீட்டில் வைத்திருத்தல் ஆகாது என்பதும் நம்மவர் வழக்கு.

ஜப்பானில் வேறொரு வழக்கம் உண்டு. உடைந்த தேநீர்க் கிண்ணத்தை உருஷி மரத்தின் பாலால் ஒட்டி, ஒட்டிய கோட்டின்மீது பொற்பொடி தூவுவர். கின்ட்சுகி என்பது இக்கலையின் பெயர். அந்த மரப்பால் வெயிலில் இறுகுவதன்று. ஈரக்காற்றில், வாரக்கணக்கில்தான் இறுகும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் கண்ணாடி பார்க்கத் தயங்குவோர் உண்டு. முந்தானையால் தழும்பை மறைக்கும் தாய்மாரும் உளர். மறைப்பது அவரவர் உரிமை. தழும்பைப் பெருமையாகக் காட்டுங்கள் என்று வற்புறுத்துவதும், என் எண்ணத்தில், இன்னொரு சுமையே. ஆயினும் ஒன்றை அறிந்திருத்தல் நன்று: தழும்பின் நிறமும் தடிப்பும் தணிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். 3ஆம் மாதத்தில் காண்பது அதன் இறுதித் தோற்றமன்று. நலம் விசாரிக்க வரும் உறவினர் அதற்குள் தீர்ப்புச் சொல்லாதிருத்தல் நலம். தழும்பு காயத்தின் எல்லையைக் கடந்து வளர்ந்தாலோ, ஓயாது அரித்தாலோ, மருத்துவரிடம் காட்டுக.