வீட்டுக்கு வராத ஆய்வுக்கூடம்

பல்கலைக்கழக அறிவியலைத் தொலைவிலிருந்து படிக்கும் பழக்கம் வடமலேசியாவில் கோவிட்டுக்கு வெகு முந்தியது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-லேயே தொலைக்கல்வியைத் தொடங்கிவிட்டது. வேலையை விடாமல் பட்டம் வாங்க நினைத்தவர்களுக்கான ஏற்பாடு. அறிவியல் பட்டமும் அதில் உண்டு. பாடம் தபாலில் வந்தது. ஆய்வுக்கூட வேலைக்கு ஆண்டுதோறும் மூன்று வாரம் பினாங்குக்குப் போய்த் தங்க வேண்டியிருந்தது. விரிவுரையை அஞ்சலில் அனுப்பலாம், அமிலத்தை அனுப்ப முடியாது என்று தெரிந்தவர்கள் போட்ட திட்டம் அது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அந்த வழியும் அடைபட்டது. ஆண்டிறுதிவரை வகுப்புகள் இயங்கலையில்தான் என்று மே 27-இல் உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. ஆய்வுக்கூடம் இல்லாமல் படிப்பை முடிக்க முடியாத இறுதிப் பருவ மாணவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மருத்துவம், மருந்தியல், உயிரித் தொழில்நுட்பம் எல்லாமே கைபடக் கற்கும் படிப்புகள். செம்பனைக்கு நடுவே, ஒரே கைப்பேசியை அண்ணன் தங்கை மாற்றி மாற்றிப் பிடிக்கும் தோட்டத்து வீட்டில் அதை எப்படிக் கற்பது?

டைட்ரேஷனைப் படம்பிடித்து அனுப்புவது எளிது. ஆனால் ஒரு சொட்டு கூடிப்போய் நிறம் கெடும் அனுபவம் பார்ப்பவருக்குக் கிடைக்காது. கைப்பேசியையே கருவியாக்குவது மேல். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலி இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே வேண்டாம். அண்டை வீட்டுக் கைப்பேசியையும் இரவல் வாங்கி, தோட்டத்துத் திடலில் ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டையும் வைத்து, முதலில் ஒன்றின் பக்கத்திலும் பிறகு மற்றதன் பக்கத்திலும் கைதட்டினால், இரு தட்டல்களுக்கு இடையே இரண்டும் காட்டும் நேரம் ஏறக்குறைய 28.6 மில்லிவிநாடி வேறுபடும். கணக்குப் போட்டால் ஒலியின் வேகம் விநாடிக்கு 350 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். பாடநூல் 343 என்கிறதே? அது 20 பாகை வெப்பத்துக்கான எண். நம் வெயிலுக்கு அல்ல. நல்ல வகுப்பு அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கும்.

இப்படிப்பட்ட உத்திகள் ஆசிரியர்களிடையே ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. அரசு 2014-இல் தொடங்கிய பொது இணையப் பாடங்களில் முதல் நான்கு: நாகரிகம், இன உறவு, தொழில்முனைவு, கணினித் திறன். அறிவியல் ஒன்றுகூட இல்லை. பயிற்சிப் பட்டறைகளோ பெரும்பாலும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு முடிந்துவிடுகின்றன. செமிலிங்கில் வேதியியல் நடத்துபவருக்கு அடுத்த அறை வணிகவியல்காரரைவிட, சங்லூன் மெட்ரிகுலேசன் கல்லூரியில் அதே பியூரெட்டோடு மல்லுக்கட்டுபவர்தான் உண்மையான சக ஆசிரியர். ஒரு புலனக் குழு போதும், அதில் சுற்றறிக்கை நுழையாமல் பார்த்துக்கொண்டால். பழைய மாணவர்களின் அளவீடுகளைப் பெயர் நீக்கி, பிழைகளைத் திருத்தாமல் அப்படியே பகிர்ந்து, அங்கே வேலையைத் தொடங்கலாம்.