அடகு நகை ஏலம்

அடகு நகை ஏலம் என்பது, கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டு உரிய காலத்தில் மீட்கப்படாத நகைகளைக் கடன் கொடுத்தவர் பொது ஏலத்தில் விற்று, தமக்குச் சேர வேண்டிய தொகையைப் பெற்றுக்கொள்ளும் நடைமுறை ஆகும். இந்தியாவில் பழைய தங்க நகைகள் இரண்டாவது உரிமையாளரைச் சென்றடையும் வழிகளுள் இதுவும் ஒன்று. செய்கூலி, சேதாரம் ஆகிய செலவுகள் இன்றி நகை கிடைக்கும் என்பதால் இது வாங்குவோரை ஈர்க்கிறது. எனினும் ஏல நகையின் விலை குறைவதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கும் கீழே நகை கிடைக்குமாயின், நகையிலோ விற்பவரின் உரிமையிலோ குறை இருக்கலாம். அல்லது அடகு வைத்தவருக்குச் சேர வேண்டிய தொகை குறைந்து போகிறது எனக் கொள்ளலாம்.

சொற்கள்

கடனுக்குப் பிணையாகப் பொருளை ஒப்படைப்பது அடகு வைத்தல் எனப்படும். இலங்கைத் தமிழில் அடைவு வைத்தல் என்னும் வழக்கும் உண்டு. இத்தொழில் நடைபெறும் இடம் அடகுக்கடை அல்லது வட்டிக்கடை ஆகும். பொருளைப் பெற்றுக்கொண்டதற்குச் சான்றாகத் தரப்படுவது அடகுச் சீட்டு. கடனையும் வட்டியையும் செலுத்திப் பொருளைத் திரும்பப் பெறுவது மீட்டல் அல்லது திருப்புதல் எனப்படும். தவணை கடந்து நகை கைவிட்டுப் போவதைப் பேச்சு வழக்கில் "நகை மூழ்கிவிட்டது" என்பர்.

வரலாறு

பொருளை ஈடு வைத்துக் கடன் பெறுவது பல நாகரிகங்களில் காணப்படும் பழைய வழக்கம் ஆகும். ஐரோப்பாவில், ஏழைகளைக் கடும் வட்டியிலிருந்து காக்கும் நோக்குடன் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் அற அடகு நிலையங்கள் தோன்றின. இத்தாலியின் பெருஜியா நகரில் 1462 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது அவற்றுள் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பேரரசர் முதலாம் யோசப் 1707 ஆம் ஆண்டு நிறுவிய அடகு நிலையம், பின்னாளில் டொரோத்தியம் என்னும் பெயருடைய ஏல நிறுவனமாக வளர்ந்தது. மீட்கப்படாத பொருள்களை விற்பதே அடகு நிலையத்தை ஏல நிலையமாகவும் மாற்றியது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பிரித்தானியாவில் 1872 ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டம், பொருளை மீட்க ஓர் ஆண்டும் அதன் மேல் ஏழு நாட்களும் அளித்தது. பத்து சில்லிங்குக்கு மேற்பட்ட கடனுக்கு வைத்த பொருள் மீட்கப்படாவிட்டால் அதனைப் பொது ஏலத்திலேயே விற்க வேண்டும் எனவும் அச்சட்டம் விதித்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் 1943 ஆம் ஆண்டு அடகு பிடிப்போருக்கான தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்படி அடகுத் தொழில் செய்வோர் உரிமம் பெறுதல் வேண்டும். தமிழ்நாட்டின் அடகுக்கடைகள் இதன் கீழேயே இயங்குகின்றன.

சட்ட நிலை

அடகு பற்றிய அடிப்படை விதிகள் 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் உள்ளன. அவற்றுள் மூன்று விதிகள் ஏலத்தைப் பொறுத்தவரை முதன்மையானவை.

முதலாவது, கடன் தவறிய நிலையில் கடன் கொடுத்தவர் பொருளை விற்கலாம். ஆனால் விற்பதற்கு முன் கடன் பெற்றவருக்கு நியாயமான அறிவிப்புத் தர வேண்டும். இரண்டாவது, விற்பனை உண்மையில் நடைபெறும் வரை, கடன் பெற்றவர் நிலுவையையும் அதனால் ஏற்பட்ட செலவுகளையும் செலுத்திப் பொருளை மீட்டுக்கொள்ளலாம். எனவே தவணை நாள் கடந்தவுடனேயே நகை மூழ்கிவிட்டது எனக் கருதுவது சட்டப்படி சரியன்று. மூன்றாவது, விற்ற தொகை கடனைவிட மிகுதியாக இருந்தால் அந்த மிகுதி கடன் பெற்றவருக்கே உரியது. தொகை போதாவிட்டால் எஞ்சிய கடனுக்கு அவரே பொறுப்பாவார்.

வங்கிகளும் வங்கி சாரா நிதி நிறுவனங்களும் வழங்கும் நகைக்கடனுக்கு இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளும் பொருந்தும். ரிசர்வ் வங்கி 2025 ஆம் ஆண்டு சூன் மாதம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஏலத்தின் அடிப்படை விலை நகையின் நடப்பு மதிப்பில் 90 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஏலம் இருமுறை பயனளிக்காவிட்டால் 85 விழுக்காடு வரை இறக்கலாம். இந்நெறிமுறைகளைக் கடைப்பிடிக்க 2026 ஆம் ஆண்டு ஏப்பிரல் 1 ஆம் நாள் காலவரம்பாகக் குறிக்கப்பட்டது.

விலை அமைவு

புதிய நகையின் விலையில் தங்கத்தின் மதிப்பு, செய்கூலி, சேதாரம், வரி ஆகியவை அடங்கும். பழைய நகைக்கு முதலாவது மட்டுமே நிலைத்த மதிப்பு உடையது. ஆகவே ஏல நகையில் கிடைக்கும் சேமிப்பின் பெரும்பகுதி செய்கூலியிலும் சேதாரத்திலும்தான் உள்ளது. தங்கத்தின் விலையில் அன்று.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கணக்கின் எளிமைக்காக 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் எனக் கொள்வோம். இரண்டு சவரன், அதாவது 16 கிராம் எடையுள்ள புதிய சங்கிலியில் தங்கத்தின் மதிப்பு 1,60,000 ரூபாய். செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து 12 விழுக்காடு எனில் 19,200 ரூபாய். இவற்றின் மீது 3 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 5,376 ரூபாய். மொத்தம் 1,84,576 ரூபாய். இதே போன்ற பழைய சங்கிலியை ஒருவர் ஏலத்தில் தங்க மதிப்பின் 95 விழுக்காட்டுக்கு, அதாவது 1,52,000 ரூபாய்க்கு எடுத்து, அதன் மீது வரியும் செலுத்தினால் அவருக்கு ஆகும் செலவு 1,56,560 ரூபாய். சேமிப்பு 28,016 ரூபாய்.

அச்சங்கிலி 22 காரட்டாக இல்லாமல் 20 காரட்டாக இருந்தால் நிலை மாறிவிடும். அதில் உள்ள தங்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 1,45,500 ரூபாய் மட்டுமே. வாங்கியவர் மலிவு எனக் கருதியபடியே 11,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருப்பார். இரண்டு காரட் வேறுபாட்டைக் கண்ணால் பார்த்து அறிவது கடினம்.

மற்றொரு கூறும் கவனிக்கத் தக்கது. ஏலத்தில் எடுத்த நகையை உருக்கிப் புதிதாகச் செய்தால், தவிர்த்த செய்கூலியை மீண்டும் கொடுக்க நேரிடும். நகையை உள்ளபடியே அணிய விரும்புவோருக்கே இச்சேமிப்பு முழுமையாகக் கிடைக்கும்.

வாங்கும் முன் சோதித்தல்

எடை: சீட்டில் குறிக்கப்படும் மொத்த எடையும் தங்கத்தின் நிகர எடையும் வேறானவை. பதித்த கற்கள், கோத்த மணிகள், நூல், உள்ளீடற்ற நகைகளில் நிரப்பிய அரக்கு ஆகியவற்றைக் கழித்தே நிகர எடை காணப்படும். அட்டிகை, சிமிக்கி போன்ற கல் நகைகளில் இவ்வேறுபாடு பெரிதாக இருக்கலாம்.

முத்திரை: இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்க நகைகளுக்கு 2000 ஆம் ஆண்டு முதல் ஹால்மார்க் முத்திரை வழங்கி வருகிறது. 2021 ஆம் ஆண்டு சூன் 16 முதல் இது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு சூலை முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு இடங்கள் கொண்ட தனி அடையாளக் குறியீடு இடப்படுகிறது. அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இக்குறியீட்டை உள்ளிட்டால் நகையின் வகையும் தூய்மையும் தெரியவரும். மோதிரத்துக்குரிய குறியீடு சங்கிலியில் காணப்பட்டால் அது ஐயத்துக்குரியது. 22 காரட் நகையில் 916 என்னும் எண்ணும், 20 காரட்டில் 833, 18 காரட்டில் 750 ஆகிய எண்களும் இருக்கும். அடகுக்கு வரும் நகைகளுள் பல இவ்விதிகளுக்கு முற்பட்டவை. ஆதலால் முத்திரை இல்லாமை மட்டும் போலிக்குச் சான்று ஆகாது. அத்தகைய நகையைத் தனியே சோதித்தல் வேண்டும்.

உரைகல்: நகையைக் கருங்கல்லில் உரைத்து, கிடைக்கும் கோட்டின் நிறத்தையும் அமிலத்தில் அது மாறும் தன்மையையும் தரம் அறிந்த ஊசிகளின் கோட்டோடு ஒப்பிடுவது பழைய முறை. இது மேற்பரப்பை மட்டுமே காட்டும். ஊடுகதிர் ஒளிர்வுக் கருவியும் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கையே அளவிடுவதால், தடித்த முலாம் அதனையும் ஏமாற்றக்கூடும்.

அடர்த்தி: தூய தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். 22 காரட் தங்கத்தில் கலந்துள்ள வெள்ளி, செம்பு ஆகியவற்றின் அளவுக்கேற்ப இது ஏறத்தாழ 17.5 முதல் 18 வரை அமையும். நீரில் அமிழ்த்தி எடை காண்பதன் மூலம் இதனை அறியலாம். அரக்கு நிரம்பிய நகைக்கும் கல் நகைக்கும் இம்முறை பொருந்தாது.

பற்று: அறுந்து ஒட்டப்பட்ட இடங்களில் தரம் குறைந்த பற்று இருக்கலாம். கொக்கி, வளையம், திருகாணி ஆகியவற்றைத் தனித்தனியே பார்ப்பது நல்லது.

ஏலத்தில் நகைகள் பெரும்பாலும் உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையுடனேயே விற்கப்படுகின்றன. ஆகையால் ஏலம் கேட்பதற்கு முன்னரே இச்சோதனைகளுக்கு இடம் உண்டா எனவும், வரி விலையில் அடங்குமா எனவும் கேட்டு அறிதல் வேண்டும்.

உரிமையும் சான்றும்

திருட்டு நகை அடகுக்கு வருவது உண்டு. 1930 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, உரிமை இல்லாதவரிடமிருந்து வாங்கியவர் பொதுவாக உரிமை பெறுவதில்லை. நகை உண்மையான உரிமையாளரிடம் திரும்பச் சென்றால் வாங்கியவர் பணத்தையும் இழக்க நேரிடலாம். திருட்டுப் பொருள் என அறிந்தோ அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி அதனைப் பெறுவது குற்றமும் ஆகும். முறையான ஏலத்தில் எடை, தூய்மை, விலை ஆகியன குறித்த பற்றுச்சீட்டு கிடைக்கும். "மூழ்கிய நகை, பாதி விலை" எனச் சீட்டின்றி விற்கப்படும் நகையில் இப்பாதுகாப்பு இல்லை.

பிற நாடுகளில்

மீட்கப்படாத நகை யாருக்கு உரியதாகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரித்தானியாவில் 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி, 75 பவுண்டுக்கு மேற்பட்ட கடனாயின் விற்றதில் எஞ்சிய தொகை கடன் பெற்றவருக்குச் சேரும். சிங்கப்பூரில் முன்பு பொது ஏலம் நடைமுறையில் இருந்தது. 2015 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் மீட்கப்படாத பொருள் அடகுக்கடைக்கே உரியதாகிறது. இதனால் அங்கு அடகுக்கடைகளே பழைய நகைகளைக் காட்சிக்கு வைத்து விற்கின்றன. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் பொருள் கடைக்குச் சொந்தமாகிவிடும். அங்கு வாங்குபவர் பேரம் பேசிக் குறைக்கும் தொகை கடைக்காரரின் ஆதாயத்தைக் குறைக்கும். அடகு வைத்தவரைத் தொடாது.

அடகு வைத்தவரின் நலன்

இந்தியாவில் நிலை இதற்கு மாறானது. மிகுதித் தொகை அடகு வைத்தவருக்கு உரியது என்பதால், ஏலத்தில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் அவரது கணக்கிலேயே குறைகிறது. 1,00,000 ரூபாய் நிலுவையுள்ள நகை 1,50,000 ரூபாய்க்கு விற்றால் செலவு போக ஏறத்தாழ 50,000 ரூபாய் அவருக்குத் திரும்ப வேண்டும். 1,10,000 ரூபாய்க்கு விற்றால் 10,000 ரூபாய்கூட மிஞ்சாமல் போகலாம். அடிப்படை விலைக்கு வரம்பு விதிக்கப்பட்டுள்ளதும், ஏலம் பொதுவில் அறிவிக்கப்பட வேண்டும் என்பதும் இதன் பொருட்டே ஆகும்.

ஏல அறிவிப்பு பழைய முகவரிக்குச் சென்றதால் செய்தி அறியாமல் போவதும், மிகுதித் தொகை உண்டு என்பதே தெரியாமல் அதனைக் கேட்காமல் விடுவதும் நிகழக்கூடியவை. அடகுச் சீட்டைப் பாதுகாத்தல், முகவரி மாறினால் தெரிவித்தல், ஏலம் முடிந்த பின் விற்பனைக் கணக்கை எழுத்தில் கேட்டுப் பெறுதல் ஆகியவை அடகு வைத்தவர் செய்யத்தக்கவை. நகை விற்கப்பட்ட பின்னரும் அச்சீட்டுக்கு மதிப்பு உண்டு. மிகுதித் தொகையைக் கோருவதற்கு அதுவே சான்றாகும்.