அத்தைக்கு நான்தான் டிரைவர்!

எனக்கு வயது 48. மாமியாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கணவருக்கு வெளியூரில் வேலை. வாசலில் கார் சும்மா நிற்க, ஆட்டோவில் குலுங்கி வீடு வந்து சேர்வதற்குள் அத்தை துவண்டு போவார். மனசு கேட்கவில்லை. எல்.எல்.ஆர். எடுத்து, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றார் அத்தையே!

முதல் வாரம், கிளட்சைச் சட்டென விட்டு விடுவேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆகி விடும். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். அழுகையே வந்து விட்டது.

"அக்கா, ஆக்சிலேட்டரைத் தொடாதீங்க. கிளட்சை மட்டும் மெதுவா விடுங்க. வண்டி லேசா அதிரும். அங்கேயே காலை நிறுத்துங்க" என்றார் பயிற்சியாளர். காலி மைதானத்தில் அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். மேட்டில் நின்றால் ஹேண்ட் பிரேக் போட்டு, அந்த அதிர்வு வந்ததும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, அப்புறம் பிரேக்கை விடணும். வண்டி பின்னால் உருளாது. மேம்பால பயம் அதோடு போச்சு!

30 நாள் கழித்து டெஸ்ட். லைசென்ஸ் வந்ததும் அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சிக்னலில் ஒரு முறை வண்டி நின்று விட்டது. பதறாமல், நியூட்ரலுக்கு மாற்றி மறுபடி ஸ்டார்ட் செய்தேன். திரும்பி வரும்போது அத்தை பின் சீட்டில் நிம்மதியாகத் தூங்கி விட்டார். இதைவிட வேறு சர்டிபிகேட் வேண்டுமா?

தோழிகளே, வீட்டில் கார் இருந்தால், அவசரம் வரும்வரை காத்திராமல் இப்போதே கற்றுக் கொள்ளுங்கள்.

— ஒரு வாசகி, ஈரோடு.