விடியலில் வெதுவெதுப்பு, உச்சியில் ஜில்லென்று: கிணறு சொல்லும் ரகசியம்

தூத்துக்குடியில் விடியற்காலையில் கிணற்று நீரை இறைத்து ஊற்றினால் வெதுவெதுப்பாக இருக்கும். அதே நீர் உச்சி வெயிலில் ஜில்லென்றிருக்கும். ஏன்? மாறியது நீரல்ல, வெளிக்காற்று. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஊரின் சராசரியை ஒட்டியே நிற்கும். இங்கே அது ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸ்.

இதைப் பயன்படுத்துவதுதான் நிலவெப்ப பம்ப். எப்படி? ஓடும் ஃபிரிட்ஜின் பின்பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். உள்ளிருந்து எடுத்த வெப்பம் அங்கே வெளியேறுகிறது. அதேபோல, பம்ப் எடுக்கும் வீட்டின் வெப்பத்தை, நிலத்தடியில் புதைத்த குழாயில் சுற்றும் நீர் மண்ணில் சேர்க்கிறது. 38 டிகிரி காற்றில் தள்ளுவதைவிட 29 டிகிரி மண்ணில் தள்ள பம்பின் கம்ப்ரசருக்குக் குறைந்த மின்சாரம் போதும். குளிர்நாடுகளில் இதே கருவி திசை மாறி, மண்ணின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும்.

குருகிராமில் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் ரிட்ரீட் வளாகம், 4 மீட்டர் ஆழச் சுரங்கக் குழாய்களில் காற்றை ஓட்டி அறைகளைக் குளிர்விக்கிறது. நம் கடற்கரை மண் அதைவிடச் சூடு. எனவே காற்றை ஓட்டுவது மட்டும் போதாது, பம்பின் துணை தேவை. உப்புநீர் உலோகத்தை அரிக்கும். எனவே பிளாஸ்டிக் குழாயே நல்லது. குளிர்விப்பு மட்டுமே நடப்பதால் மண் மெல்லச் சூடேறும். அதனால் குழாய்க்குப் போதிய நீளம் வேண்டும். ஆனால் ஈர மணல் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். அது நமக்குச் சாதகம்.

புது வீடு கட்டுகிறவர்கள், கூரையைத் திட்டமிடும்போதே காலடி மண்ணையும் கணக்கில் சேருங்கள்.