தாலி ஏறியாச்சு, பதிவு என்னாச்சு?

தோட்டத்தை விட்டுக் கம்போங் மேடானில் குடியேறிய தோழர்களே! 2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. தேசியப் பதிவிலாகாவில் திருமணப் பதிவும் நின்றது. ‘முகூர்த்தம் தவறக்கூடாது, பதிவைப் பிறகு பாத்துக்கலாம்’ என்று வீட்டோடு தாலி கட்டி, அந்தப் ‘பிறகு’ இன்னும் வராதவர்களுக்கே இதைச் சொல்கிறோம்.

1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. முஸ்லிம் அல்லாதார் பதிந்தே ஆகவேண்டும். பதியாவிட்டால் பிள்ளை தாயின் குடியுரிமையையே பின்பற்றும். தாய் வெளிநாட்டவரானால் பிள்ளையின் நீல அடையாளக் கார்டுக்குத் திண்டாட்டம்தான். புருஷன் போய்விட்டால் சொக்சோ பென்ஷனுக்கும் திருமணப் பத்திரம் கேட்பார்கள்.

மனு கொடுத்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஆட்சேபம் இல்லையேல் பதிவு. ஒருநாள் கூலி போனாலும் போகட்டும். பாரம் நிரப்பத் தெரியாதா? சங்கத்துக்கு வாங்க, நாங்கள் நிரப்பித் தருகிறோம்.